மாதம் 8 கிலோ குறையுமாம், நம்பலாமா?

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து பத்து மாதம் ஆகிறது, இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். எடை 79 கிலோ. இன்ஸ்டாகிராமில் ஒரு மூலிகைப் பவுடர் விளம்பரம் பார்த்தேன். மாதம் 8 கிலோ குறையும் என்கிறார்கள், கமெண்டிலும் எல்லோரும் நல்லபடியாகவே சொல்கிறார்கள். கூகுளில் தேடினாலும் அப்படித்தான் வருகிறது. பணம் இன்னும் கட்டவில்லை. லேபிள் படம் அனுப்பியிருக்கிறேன், அதில் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரும் இருக்கிறதே. இணையத்தில் யார் சொல்வதை நம்புவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: பணம் கட்டாதீர்கள் தோழி. நீங்கள் சாப்பிடுவதில் கொஞ்சம் பால் வழியாகக் குழந்தைக்கும் போகலாம், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாத எதுவும் இப்போது வேண்டாம்.

கூகுளில் எல்லாமே நல்லதாக வருகிறதென்றால், நீங்கள் பவுடரின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை மெனக்கெட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை விற்கிறவர்கள், இல்லையென்றால் விற்றால் கமிஷன் கிடைக்கிறவர்கள். பெயரை விட்டுவிட்டு, லேபிளின் பின்பக்கம் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் நிலாவாரை. அது பேதி மருந்து. நாலு நாள் வயிறு போனால் தராசில் ஒன்றிரண்டு கிலோ குறைந்து காட்டத்தான் செய்யும், ஆனால் போனது தண்ணீரும் மலமும்தான், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். 'மூன்றே நாளில் ரிசல்ட்' என்று கமெண்ட் போட்டவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, பார்த்ததைத்தான் எழுதியிருப்பார்கள், அடுத்த மாதம் என்ன ஆனது என்று திரும்பி வந்து எழுத யாருக்கும் தோன்றாது.

அடுத்து கார்சினியா. இது குடம்புளிதான், கேரளாவில் மீன் குழம்பில் போடுவார்கள், குழம்பில் இருக்கும் வரை பயமில்லை. அதையே சாறெடுத்துச் செறிவாக்கி மாத்திரையும் பவுடருமாக விற்கும்போதுதான் சிக்கல், அப்படிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்தும் 'லிவர்டாக்ஸ்' என்ற தளத்தில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும், போனிலேயே மொழிபெயர்த்துப் படிக்கலாம். அங்கே உங்களுக்கு விற்க யாரிடமும் எதுவும் இல்லை. ஒரு பக்கத்தை நம்புவதா வேண்டாமா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது அதைத்தான்: கீழே 'இப்போதே ஆர்டர் செய்யுங்கள்' என்று பட்டன் இருக்கிறதா, வாட்ஸ்அப் நம்பர் இருக்கிறதா?

இதைவிட மோசமானது, லேபிளிலேயே இல்லாதது. சிபுட்ரமின் என்று பசியைக் குறைக்கும் ஒரு மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது என்று தெரிந்து 2010-இல் அமெரிக்காவில் விலக்கிக்கொண்டார்கள், 2011-இல் இந்தியாவிலும் தடை செய்தார்கள். அதற்கப்புறமும் 'முழுக்க மூலிகை' என்று விற்ற எத்தனையோ பொருள்களில் அது ஒளிந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆய்வகத்தில் கண்டுபிடித்து, பெயர் போட்டு வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் பசியே எடுக்கவில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை, படபடப்பாக இருக்கிறது என்று எங்காவது ரிவ்யூவில் படித்தால் 'நன்றாக வேலை செய்கிறது' என்று எடுத்துக்கொள்ளாமல் விலகிவிடுங்கள்.

லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எண் அது. அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் என்ற உரிமத் தளத்தில் போட்டால் கம்பெனியின் பெயரும் முகவரியும் வரும், பாக்கெட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் அது உணவுப்பொருள் தயாரிக்கவும் விற்கவும் தரும் உரிமம், எடை குறையும் என்பதற்கு அரசு கொடுத்த சான்று இல்லை. இன்னொன்று, உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வாரத்துக்கு அரை கிலோ குறைவதைத்தான் பாதுகாப்பானது என்கிறது. மாதத்துக்கு இரண்டு கிலோ. 8 கிலோ என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு டாக்டரைப் பார்த்து தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு மந்தமாகி எடை இறங்காமல் நிற்பது உண்டு, அப்படியிருந்தால் எந்தப் பவுடரும் அதைச் சரிசெய்யாது. பால் கொடுக்கும்போது என்ன சாப்பிடலாம், எவ்வளவு குறைக்கலாம் என்பதையும் அந்த டாக்டரிடமே கேளுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஏற்கெனவே இப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்து, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, நெஞ்சு படபடத்தாலோ, உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டாக்டர் அதைப் பார்க்க வேண்டும்.