திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும் மென்பொருள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடிதம், கட்டுரை தட்டச்சு செய்யும் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் மென்பொருளை டபுள் கிளிக் செய்தால் முகப்புப் படம் வருகிறது. அடியில் கோடு பாதி ஓடியதும் எல்லாமே மறைந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. மூன்று முறை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி நிறுவியும் பலனில்லை. விண்டோஸையே புதிதாகப் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். போட்டுவிடலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: வேண்டாம். மூன்று முறை நிறுவியும் அதே இடத்தில் விழுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இல்லை. உங்கள் அமைப்புகளில் இருக்கிறது. மென்பொருளின் கோப்புகள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் இருக்கின்றன. நீங்கள் மாற்றிய அமைப்புகள், சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்), சொற்பட்டியல் ஆகியவையோ உங்கள் பயனர் கணக்கில் ‘ஆப்டேட்டா’ என்ற மறைவான ஃபோல்டரில் தனியே கிடக்கின்றன. அன்இன்ஸ்டால் முன்னதைத்தான் துடைக்கும், பின்னதைத் தொடாது. அதனால் புதிதாக நிறுவிய ரைட்டரும் அதே பழுதான கோப்பைப் படித்து அதே இடத்தில் விழுகிறது. அமைப்புகள் எழுதப்படும் நேரத்தில் கரன்ட் போனால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புகளில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

முதலில், பழைய ரைட்டர் பின்னணியில் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் லிப்ரே ஆபீஸைக் குறிக்கும் ‘எஸ்ஆபீஸ்.பின்’ (soffice.bin) என்ற பெயர் இருந்தால் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். சில நேரம் இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால், ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆபீஸுக்கான ‘சேஃப் மோட்’ ஐகான் இருக்கும். அதைத் திறந்து, வரும் பெட்டியில் எதையும் மாற்றாமல் ‘கன்டின்யூ இன் சேஃப் மோட்’ கொடுங்கள். சேஃப் மோட் உங்கள் அமைப்புகளை விட்டுவிட்டுத் தற்காலிகமாக வேறொன்றை வைத்துக்கொண்டு ஓடும்; ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனையும் (திரையை வரைய கிராஃபிக்ஸ் சிப்பின் துணையை வாங்கும் வசதி) முடக்கிவிடும். ரைட்டர் ஒழுங்காகத் திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் உங்கள் அமைப்புக் கோப்பு, அல்லது ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்.

மூடிவிட்டு மறுபடி சேஃப் மோடுக்குப் போய், இழப்பு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். பேக்கப் இருந்தால் முதலில் அதை மீட்டுப் பாருங்கள். அடுத்து எக்ஸ்டென்ஷன்களை முடக்குங்கள். பிறகு ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை முடக்குங்கள். எதுவும் உதவாவிட்டால் மட்டும் முழு அமைப்பையும் புதிதாக்குங்கள். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, ‘ஆப்டேட்டா’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் இருபுறமும் சதவீதக் குறியிட்டுத் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். லிப்ரே ஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர் என்று போங்கள். (உங்கள் பதிப்பு எண் எதுவானாலும் அந்த ஃபோல்டரின் பெயர் 4தான், குழம்ப வேண்டாம்.) அங்கே வேர்ட்புக், டெம்ப்ளேட், ஆட்டோடெக்ஸ்ட், ஆட்டோகரெக்ட் ஃபோல்டர்களைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் பல மாதம் சேர்த்த சொற்கள் வேர்ட்புக்கில் இருக்கும். அமைப்பைப் புதிதாக்கிய பின் இவற்றைப் பழைய இடத்தில் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்து, ஒவ்வொரு முறையும் ரைட்டரைத் திறந்து பாருங்கள்.

ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை முடக்கியதும் சரியாகிவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவரை (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) சந்தேகியுங்கள். 2020 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பிலிருந்து விண்டோஸில் திரையை வரையும் வேலையை ஸ்கியா என்ற நிரல் தொகுப்பு கிராஃபிக்ஸ் சிப்பின் துணையோடு செய்கிறது. டிரைவர் பழையதாக இருந்தால் அந்தக் கட்டத்தில் சரிந்துவிட வாய்ப்புண்டு. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே புது டிரைவரை இறக்குங்கள்.

கேள்வி: பிழைச் செய்தியே காட்டாமல் ஒரு மென்பொருள் மூடிக்கொண்டால் காரணத்தை எங்கே தேடுவது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: திரையில் சொல்லாவிட்டாலும் விண்டோஸ் பெரும்பாலும் எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்’ என்று போங்கள். மென்பொருள் விழுந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். அதன் எண் 1000. அதில் ‘ஃபால்ட்டிங் மாட்யூல் நேம்’, ‘எக்ஸெப்ஷன் கோட்’ என்ற இரண்டு வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாட்யூல் என்பது மென்பொருள் விழுந்தபோது ஓடிக்கொண்டிருந்த கோப்பு. அதன் பெயர் ‘என்வி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா டிரைவர். நீங்கள் சேர்த்த பிளக்-இன்னின் (மென்பொருளோடு கூடுதலாக இணைக்கும் துணை நிரல்) பெயர் இருந்தால் அதை நீக்குங்கள். ‘என்டிடிஎல்எல்’, ‘கெர்னல்பேஸ்’ என்று இருந்தால் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த இரண்டும் எல்லா மென்பொருளும் கடந்துபோகும் பாதை. வேறெங்கோ நடந்த தவறு இங்கே வந்து வெடித்திருக்கும். அப்போது ‘எக்ஸெப்ஷன் கோட்’ வரியில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும்.

சி0000005 என்றால் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டது என்று பொருள். பிளக்-இன், டிரைவர், பழுதான அமைப்புக் கோப்பு எதுவும் காரணமாகலாம். சி000007பி என்றால் 64 பிட் மென்பொருள் 32 பிட் துணைக்கோப்பில் இடித்துக்கொண்டது, அல்லது மறுதலையாக. சி000001டி வந்தால் அந்த மென்பொருள் கேட்கும் கட்டளை உங்கள் பிராசஸரில் இல்லை. உதாரணமாக, கணக்குகளை வேகமாகச் செய்ய உதவும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் இன்டெல் பிராசஸர்களில் வந்ததே 2011-இல்தான்; அதன் பிறகு வந்த பென்டியம், செலரான் பலவற்றிலும் அவை கிடையாது. இதற்கு எந்த ரிப்பேரும் உதவாது. மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடுவதே வழி.

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப் திறக்கும்போதே மூடிக்கொள்கிறது. வாடிக்கையாளர்கள் கொடுத்த தமிழ் ஃபான்ட்கள் நானூறுக்கு மேல் போட்டிருக்கிறேன். காரணம் அதுவாக இருக்குமா?
– வாசகர், சிவகாசி

பதில்: இருக்கலாம், ஆனால் ஃபான்ட்களிலிருந்து தொடங்காதீர்கள். ஃபோட்டோஷாப் திறக்கும்போது முகப்புப் படத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி மாறிக்கொண்டே இருக்கும்: இப்போது பிளக்-இன்களை ஏற்றுகிறேன், இப்போது ஃபான்ட்களைப் படிக்கிறேன் என்று. போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மறையும் முன் கடைசியாகத் தெரிந்த வரியைப் படியுங்கள்.

பிளக்-இன் வரியில் நின்றால், ஐகானைத் திறந்த கையோடு ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். வெளியிலிருந்து சேர்த்த பிளக்-இன்களைத் தவிர்க்கலாமா என்று கேட்கும். அமைப்புகளைப் படிக்கும் வரியில் நின்றால் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்தியபடி திறந்து, பழைய அமைப்பை அழிக்கச் சம்மதியுங்கள். கோரல்டிராவும் இப்படி விழுந்தால் அதற்கு எஃப்8 விசை.

ஃபான்ட் வரியில் நின்றால்தான் ஃபான்ட் வேட்டை. நானூறையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் முதலில் ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். நீங்கள் சேர்த்தவற்றில் பாதியை ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் பழுது நீக்கிய பாதியில்; திறக்காவிட்டால் மிச்சப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். பழுதானது ஒன்றே ஒன்று என்றால், 400 ஃபான்ட்களில் அதை ஒன்பது சுற்றுக்குள் பிடித்துவிடலாம். விண்டோஸோடு வந்த செகோ யுஐ, தஹோமா, ஏரியல் போன்றவற்றில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ‘விசிரன்டைம்140 டிஎல்எல் காணவில்லை’ என்று சொல்லி ஒரு மென்பொருள் நின்றுவிடுகிறது. அந்தக் கோப்பை மட்டும் இலவசமாகத் தரும் தளங்கள் இருக்கின்றனவே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தத் தளங்கள் பக்கமே போகாதீர்கள். அங்கே கிடைப்பது எந்தப் பதிப்பு, அதில் வைரஸ் உண்டா என்று தெரியாது. 32 பிட், 64 பிட் மாறிவிட்டால் மேலே சொன்ன சி000007பி வந்து நிற்கும். நீங்கள் தேடும் டிஎல்எல், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பில் உள்ள துணைக்கோப்பு. மைக்ரோசாஃப்ட் தளத்தில் 2015-க்குப் பிந்தைய தொகுப்பை இலவசமாக எடுக்கலாம். விண்டோஸ் 64 பிட் என்றாலும் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் நிறுவுங்கள், ஏனென்றால் 32 பிட் மென்பொருளுக்கு எக்ஸ்86 தொகுப்புதான் வேண்டும்.

கேள்வி: வேர்ட் திறந்ததும் மூடிக்கொள்கிறது, எக்செல் நன்றாக ஓடுகிறது. ஏன்?
– அலுவலக உதவியாளர், வேலூர்

பதில்: கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி வேர்ட் ஐகானைக் கிளிக் செய்யுங்கள். சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும், ‘எஸ்’ கொடுங்கள். திறந்துவிட்டால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே ‘காம் ஆட்-இன்ஸ்’ தேர்ந்தெடுத்து ‘கோ’ கொடுத்து எல்லா டிக்கையும் எடுங்கள். வேர்டை மூடி வழக்கம்போலத் திறந்து பார்த்து, டிக்கை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். பிடிஎஃப் மென்பொருள்கள் தாமாகச் சேர்த்துவிடும் ஆட்-இன்னை முதலில் சந்தேகிக்கலாம். ஆட்-இன் காரணமில்லை என்றால், ஆப்டேட்டாவில் மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் ‘நார்மல்’ என்ற டெம்ப்ளேட்டின் பெயரை மாற்றிவிடுங்கள். வேர்ட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதற்கும் அசையாவிட்டால் டீஃபால்ட் பிரின்டரை ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ என்று மாற்றிப் பாருங்கள். வேர்ட் பக்கத்தை அமைக்க பிரின்டர் டிரைவரைக் கேட்கும் என்பதால், அந்த டிரைவர் பழுதானாலும் வேர்ட் விழும்.