‘படிக்க வைத்தோம்’ என்ற சொல்

கேள்வி: நாங்கள் 26 ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். 31 வயதாகும் எங்கள் மகள் குடும்ப மருத்துவர். படிப்பு முடிந்தபோது அவள் பெயரில் 2,40,000 டாலர் கடன் இருந்தது. (கோயம்புத்தூர் ஃப்ளாட்டுக்குத் தவணை போய்க்கொண்டிருந்ததால் அப்போது எங்களால் உதவ இயலவில்லை, உறவினர்களிடம் நாங்கள் படிக்க வைத்ததாகத்தான் சொல்லியிருக்கிறோம்.) கடனை அடைக்க அரசு உதவும் என்று டெக்சாஸ் எல்லையோர ஊர் ஒன்றில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் நல்ல வரன் அமைந்திருக்கிறது. தை மாதம் திருமணம் முடித்து அங்கேயே வந்துவிட வேண்டும் என்கிறார்கள். பாதியில் விட்டு வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?
– ஒரு தந்தை

பதில்: ஐயா, மகளின் பிடிவாதத்தைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதி, பெற்றோரின் ஏதோவொரு மறைப்பைப் பற்றியவையாகத்தான் முடிகின்றன. உங்கள் கடிதத்தில் அது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

கடன் அவள் பெயரில் இருக்கிறது. பெருமை உங்கள் பெயரில் இருக்கிறது. வசதி இல்லாத தகப்பன் கடன் வாங்கச் சொல்வதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால், யாரும் குடியிராத ஒரு ஃப்ளாட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டு, மகளைக் கடன்காரியாக்கிவிட்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் அமர்ந்து ‘பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைத்தோம்’ என்று சொல்வதை நான் பொய் என்றுதான் சொல்வேன். பிள்ளை வீட்டாரிடம் இந்தக் கடனைப் பற்றிப் பேசியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்களிடமும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘இன்னும் பதினாறு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று நீங்கள் கேட்டால், ‘ஏன்?’ என்று அவர்கள் கேட்பார்கள். அந்த ‘ஏன்’ வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனை அவசரம்?

அவள் கையெழுத்திட்டது எதில் என்று நீங்கள் படித்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரப் பணிப் படை (National Health Service Corps). அது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவானது. கடனை அடைத்துத் தரும் திட்டம் 1987இல் சேர்ந்தது. மருத்துவர் பற்றாக்குறை என்று அரசு வரையறுத்த பகுதியில், அரசு ஏற்ற மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் முழுநேரமாகப் பணியாற்றினால், உங்கள் மகளைப் போன்ற குடும்ப மருத்துவருக்கு அண்மை ஆண்டுகளில் 75,000 டாலர் வரை கிடைக்கிறது. அதற்கு வருமான வரி கிடையாது. மாதச் சம்பளம்போல் சிறுகச் சிறுக வருவதும் இல்லை. தொடக்கத்திலேயே மொத்தமாகத் தந்துவிடுகிறார்கள். தந்த பணம் மக்களின் வரிப்பணம். அதில் உங்களுடையதும் இருக்கிறது. ஆகவே, பாதியில் விட்டுச் சென்றால் சும்மா விடமாட்டார்கள். பணியாற்றாத காலத்துக்குரிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். அத்துடன் எஞ்சிய ஒவ்வொரு மாதத்துக்கும் 7,500 டாலர் அபராதமும் வட்டியும் உண்டு. உங்கள் மகள் முழுத்தொகையும் பெற்றிருந்தால், பதினாறு மாதத்துக்கு அபராதம் மட்டும் 1,20,000. திருப்பித் தர வேண்டியது ஏறத்தாழ 50,000. இவ்வளவையும் ஓராண்டுக்குள் கட்ட வேண்டும். தை மாதத்து முகூர்த்தத்துக்கு இந்தச் சீர்வரிசையை யார் செய்யப்போகிறீர்கள்?

பணத்தை விடுங்கள். அத்தகைய மருத்துவமனைகளில் நோயாளியின் வருமானத்துக்கு ஏற்பத்தான் கட்டணம் வாங்க வேண்டும் என்பது விதி. பணம் கட்ட இயலாதவர் என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கால்விரல் கறுத்த பிறகே சர்க்கரை நோய்க்கு மருத்துவரிடம் வருகிற ஒருவருக்கு, அடுத்த மாதமும் அதே மருத்துவர் இருப்பார் என்பது பெரிய விஷயம். மாத்திரையின் அளவை மாற்றிவிட்டு, ‘மூன்று வாரம் கழித்து வாருங்கள்’ என்று சொன்னவள் மூன்று வாரம் கழித்து அங்கே இருக்க வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று சிறுவயதில் அவளுக்கு நீங்கள்தான் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். இப்போது அவள் காப்பாற்றுகிறாள் என்பதுதான் உங்கள் புகார்.

திட்டம் ஏற்ற இன்னொரு மருத்துவமனைக்கு, முன் அனுமதி பெற்று மாறிக்கொள்ள வழி உண்டு. கலிஃபோர்னியாவிலும் அத்தகைய இடங்கள் இருக்கின்றன. ஆனால் அனுமதி கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவள். நீங்கள் அதை யோசனையாகக்கூட இப்போது சொல்ல வேண்டாம். (மணமகன் டெக்சாஸுக்கு வரலாமே என்று இரு வீட்டாரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதையும் கவனித்தேன்.)

நீங்கள் செய்ய வேண்டியது இந்த வாரமே செய்யக்கூடியது. பிள்ளையின் தந்தையைத் தொலைபேசியில் அழையுங்கள். மனைவியைப் பேசச் சொல்லாமல் நீங்களே பேசுங்கள். படிப்புச் செலவை நாங்கள் ஏற்கவில்லை, கடன் மகளுடையது, அதை அடைக்க அவள் அரசுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறாள், இன்னும் பதினாறு மாதம் பாக்கி என்ற நான்கு செய்திகளையும் இதே வரிசையில் சொல்லுங்கள். அவர்கள் விலகிக்கொண்டால் விலகட்டும். கடனை மறைத்துக் கட்டிக்கொடுத்திருந்தால் அதற்கான பேச்சை அவள்தான் ஆயுள் முழுக்கக் கேட்டிருப்பாள். பிறகு அந்த ஃப்ளாட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். 75,000 போனாலும் அவளுக்கு 1,65,000 மிச்சமிருக்கிறது, வட்டி தனி.

இவ்வளவும் முடிந்த பிறகு மகளை அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அழையுங்கள். மற்ற நாள்களில் அவளுக்கு வேலை இருக்கும்.