மாடிக் குடியிருப்பில் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது யார் பொறுப்பு?

கேள்வி: கீழக்கரையில் தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட கட்டடம் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். மொத்தம் 12 வீடுகள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். வாடகை வாங்குவதற்கு ஒரு பொறுப்பாளர் மாதம் ஒருமுறை வருவார். நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் மாடிக்கு ஏறி வருவதில்லை என்பதால், படிக்கட்டின் கீழே ஒரு பெரிய பீப்பாய் வைத்திருக்கிறோம். நான் வீட்டில் பிரித்துத்தான் வைக்கிறேன். பீப்பாயில் போட்டதும் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. கலந்த குப்பை என்று சொல்லிப் பணியாளர்கள் சில நாள் எடுக்காமலே போய்விடுகிறார்கள். மாடிக்கு வந்து வாங்கும்படி கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? அபராதம் போட்டால் யார் கட்ட வேண்டும்? அட்டை, பிளாஸ்டிக் பொருள்களைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடலாமா? மீன் கழிவை என்ன செய்வது?

பதில்: முதல் கேள்விக்கான விடை உங்களுக்குச் சாதகமாக இல்லை. வீடு தேடி வந்து குப்பை சேகரிப்பது என்றால் என்ன என்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் விளக்கும்போதே, அடுக்குமாடிக் கட்டடங்களைப் பொறுத்தவரை நுழைவாயிலிலோ தரைத்தளத்தில் குறிக்கப்பட்ட ஓர் இடத்திலோ பெற்றுக்கொள்வதும் அதில் அடங்கும் என்று சொல்லிவிட்டன. எனவே மாடிக்கு ஏறி வராதது பணியாளர்களின் குறை ஆகாது. ஒரு தெருவில் பத்துக் கட்டடம் இருந்து, பத்திலும் மூன்று மாடி ஏறி இறங்க வேண்டுமென்றால் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்ச் சேரும்போது உச்சிவெயில் வந்துவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த விளக்கத்திலேயே உங்களுக்கு உதவும் ஒன்றும் இருக்கிறது. 'குறிக்கப்பட்ட இடம்' என்பது கண்ட இடத்தில் வைத்த பீப்பாய் அல்ல. அது எந்த இடம், எத்தனை மணிக்கு வண்டி வரும், எந்தக் கிழமையில் மக்காத குப்பை எடுக்கப்படும் என்பன கட்டடத்தாரும் நகராட்சியின் சுகாதாரப் பிரிவும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியவை. உங்கள் கட்டடத்தில் அப்படி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிரிப்பது பற்றிய சட்டநிலை இதுதான். 2016 விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. சமையலறைக் கழிவு, பழத்தோல், பூ, இறைச்சி ஆகியவை ஈரக் கழிவு. காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி, மரம், ரப்பர் ஆகியவை உலர் கழிவு. குழந்தைகளின் டயாப்பரும் பெண்கள் பயன்படுத்தும் நாப்கினும் சுகாதாரக் கழிவு. பெயின்ட் டப்பா, பல்பு, பாதரச வெப்பமானி, காலாவதியான மருந்து போன்றவை நான்காவது வகை.

பிரிக்கும் கடமை குப்பையை உண்டாக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது. அவர் வாடகைதாரரா, சொந்த வீட்டுக்காரரா என்ற வேறுபாடு அதில் இல்லை. உங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே நடப்பதற்கு நீங்கள் பொறுப்பு. படிக்கட்டின் கீழே இருக்கும் பொது இடத்துக்குக் கட்டட உரிமையாளரோ, வீடுகள் தனித்தனியாக விற்கப்பட்டிருந்தால் குடியிருப்போர் சங்கமோதான் பொறுப்பு என்று கொள்வது நியாயம். அபராதம் என்று வரும்போதுதான் இந்தப் பாகுபாடு உறைக்கிறது. பொதுப் பீப்பாயில் கிடக்கும் கலந்த குப்பை எந்த வீட்டுடையது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே நோட்டீஸ் கட்டடத்தின் பெயரில் வரும், உரிமையாளர் அதை 12 ஆகப் பங்கிட்டு வாடகையோடு சேர்த்துக் கேட்பார், ஒழுங்காகப் பிரித்த நீங்களும் கட்டுவீர்கள். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, நகராட்சியின் திடக்கழிவுக் கட்டணத்தை யார் செலுத்துவது, பொது இடத்தின் தூய்மையை யார் கவனிப்பது என்ற இரண்டையும் எழுத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

'பெரிய கட்டடம் என்றால் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தப் பொறுப்பு, நாளொன்றுக்கு 100 கிலோவோ அதற்கு மேலோ குப்பை உண்டாக்கும் இடங்களுக்கும், 20,000 சதுர மீட்டர் தளப்பரப்போ நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவோ உள்ள இடங்களுக்கும் உரியது. சிறு நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை குப்பை சேரும் என்று வைத்துக்கொண்டால், 12 வீடுகளில் 60 பேர் இருந்தாலும் 30 கிலோவைத் தாண்டாது. உங்கள் குப்பையை எடுப்பது நகராட்சியின் கடமைதான். கலந்த குப்பைக்கு அபராதம் விதிக்கலாம்; ஆனால் நாள்கணக்கில் எடுக்காமல் விட்டுப்போவது அபராதத்துக்கு மாற்றாகாது.

இனிச் செய்ய வேண்டியது. அந்தப் பீப்பாயை முதலில் அப்புறப்படுத்துங்கள். அதை விடப் பெரியதாக இன்னொன்றோ, பச்சை ஒன்று நீலம் ஒன்று என்று இரண்டோ வாங்கி வைத்தால் போதும் என்று பொறுப்பாளர் சொல்லக்கூடும். யாருடையது என்று தெரியாத தொட்டியில் எந்த நிறம் பூசினாலும் கலப்படம் நடந்தே தீரும் என்பதுதான் நான் பார்த்த கட்டடங்களில் எல்லாம் கண்ட உண்மை. அதற்குப் பதிலாக, ஈரக் குப்பைக்கு வீட்டுக்கு ஒரு மூடி போட்ட சிறு வாளி என்று வைத்து, வீட்டு எண்ணைப் பெயின்ட்டால் எழுதி, காலையில் வண்டி வரும் நேரத்தில் மட்டும் கீழே வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். வண்டி போனதும் வாளி வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். எண் எழுதிய வாளியில் பாலிதீன் பை கிடந்தால் பணியாளர் அந்த ஒரு வாளியை மட்டும் ஒதுக்கி வைக்கலாம்; மற்ற பதினோரு வீடுகளுக்குப் பாதிப்பு இல்லை. வாளி பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். நம் கடற்கரையின் உப்புக் காற்றில் தகர வாளியின் அடி சீக்கிரமே துருவேறி ஓட்டை விழுந்துவிடும். வாளியின் அடியில் பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்தால் கசிவு குறையும். வாளிக்குள் பாலிதீன் பையை விரித்தால் பிரித்த பயன் போய்விடும். மூடியின் மேல் ஒரு செங்கல் வைக்காவிட்டால் காகமும் ஆடும் உங்களுக்கு முன்னால் பிரித்து முடித்துவிடும்.

முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிடும் வீடு என்று இரண்டொன்று எப்படியும் இருக்கும். அந்த வாளிகளை ஒரே தளத்துக்காரர்கள் முறை வைத்து இறக்கிக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் படிக்கட்டு கூட்ட வருபவரிடம் மாதம் ஒரு தொகை பேசி ஒப்படைத்துவிடலாம்.

உலர் குப்பை அன்றாடம் இறக்க வேண்டியதில்லை. ஈரம் படாதவரை அது நாறாது, பூச்சி வராது. சமையலறை மூலையில் ஆணி அடித்து 25 கிலோ அரிசிச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டால், ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் தாராளமாக வரும். பால் பாக்கெட், எண்ணெய் கவர், தயிர் டப்பா இவற்றைக் கழுவிப் போட வேண்டும் என்றால், குடம் தண்ணீருக்கு விலை கொடுக்கும் ஊரில் அது ஆடம்பரம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல தண்ணீர் தேவையே இல்லை. பாத்திரம் அலசிய இரண்டாம் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, கவரின் ஒரு ஓரத்தை மட்டும் வெட்டிக் கவிழ்த்து உலர்த்தினால் போதும். ஓரத்தைத் துண்டாக நறுக்கி எறிய வேண்டாம். அந்தச் சிறு துண்டை மறுபடி யாராலும் பொறுக்க முடியாது. சாக்கின் வாயைக் கட்டித்தான் கீழே இறக்க வேண்டும். கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மொட்டைமாடியிலோ வாசலிலோ திறந்து கிடக்கும் கவர் சாலையைத் தாண்டிக் கடலில் விழ அதிக நேரம் ஆகாது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகள் நமக்கு எதிரேதான் இருக்கின்றன.

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளைக் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள். பல அடுக்கு ஒட்டிய அந்தத் தாளை மறுபடி உருக்கிப் பொருளாக்குவது கடினம். அதற்காக ஈரக் குப்பையில் தள்ளிவிடக் கூடாது. உலர் சாக்கிலேயே போடுங்கள். இப்படிப்பட்டவற்றை உள்ளாட்சிகள் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகின்றன. உடைந்த கண்ணாடியைத் தனியே காகிதத்தில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதுங்கள். கையால் பிரிப்பவர்களுக்கு அந்த ஒரு சொல் பேருதவி. மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பம் கட்டடத்தில் இருந்தால், அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலைத் துண்டுகளைச் சுருட்டிக் கட்டித் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்; மற்றக் குப்பையோடு சேர்ந்தால் அது எல்லாவற்றையும் சிக்கவைத்துவிடும்.

காயலான் கடை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றை நீங்களே விற்பதில் தவறில்லை, காலங்காலமாக நடப்பதுதான். குடியிருப்போர் சங்கங்கள் மறுசுழற்சிக்கு உரியவற்றை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்களிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. என் கருத்து ஒன்று உண்டு: விலை போகும் பொருளையெல்லாம் கடைக்கு அனுப்பிவிட்டு, விலை போகாத அழுக்குக் கவரை மட்டும் தூய்மைப் பணியாளரிடம் நீட்டுவது அழகல்ல. பல ஊர்களில் உலர் குப்பையை விற்று வரும் பணம் பணியாளர்களுக்கே போய்ச் சேருகிறது. தண்ணீர் பாட்டிலையும் பால் கவரையுமாவது அவர்களுக்கு விட்டுவையுங்கள். உங்கள் கட்டடத்துக்கு வண்டி தவறாமல் வருவதற்கும் அது வழி செய்யும்.

ஆனால் பேட்டரியையும் பழைய மின் சாதனங்களையும் தெருவில் கூவி வருபவரிடம் போடக் கூடாது. ஒயரை எரித்துச் செம்பை எடுப்பதும், பேட்டரியை உடைத்து அமிலத்தை மண்ணில் கொட்டுவதும் அந்த வழியில் போகும் பொருளுக்குத்தான் நேர்கின்றன. இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்; விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளும் பழைய பொருளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன.

நாப்கினையும் டயாப்பரையும் பழைய தாளில் இறுகச் சுற்றித் தனிப் பையில் கொடுக்க வேண்டும். இதை மட்டும் எந்த வாளியிலும் சேர்க்காதீர்கள். பிரிப்பவர் அதைக் கையால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

மீன் கழிவுதான் நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. அதுவும் ஈரக் குப்பைதான். பணியாளர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முதல் நாள் பகலில் அரிந்த செதிலும் குடலும் மறுநாள் காலை வரை வாளியில் கிடந்தால் படிக்கட்டே நாறிவிடும். எளிய வழி, வாங்கும் இடத்திலேயே அரிந்து, கழிவை அங்கேயே விட்டுவருவது. வீட்டில்தான் அரிவேன் என்பவர்கள் கழிவைத் தாளில் பொதிந்து ஒரு பழைய டப்பாவில் மூடி ஃபிரீசரில் வைத்து, காலையில் வண்டி வரும்போது வாளியில் போடலாம். முகம் சுளிப்பவர்களும் ஒரு முறை செய்து பார்த்தால் பிறகு விடமாட்டார்கள். கட்டடத்திலேயே உரம் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே மக்கச் செய்யும்படி விதிகள் சொல்வது உண்மை. இருந்தாலும் பிரிப்பது ஓர் ஒழுங்குக்கு வரும் முன் உரத்தொட்டி கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கலந்த குப்பை விழுந்த உரத்தொட்டி இன்னொரு பீப்பாய்தான். பிறகு தொடங்கினாலும் காய்கறிக் கழிவோடு தொடங்குங்கள். மீன் சேர்ப்பதானால் தென்னை நார்த்தூளோ காய்ந்த சருகோ இரண்டு பங்கு மேலே மூடினால்தான் ஈ மொய்க்காது. நண்டின் ஓடும் சங்கும் எளிதில் மக்காது. பெருநாள் குர்பானிக் கழிவை இவற்றில் எதிலும் சேர்க்கக் கூடாது. அதற்கென நகராட்சியும் ஜமாஅத்தும் செய்யும் ஏற்பாட்டைக் கேட்டு அதன்வழியே கொடுங்கள்.

நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள். சுகாதார ஆய்வாளருக்கு ஒரு நகல். உரிமையாளரின் சார்பில் பொறுப்பாளர் கையெழுத்திட்டால் வலு கூடும். அவர் தயங்கினால் குடியிருப்போரே பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக் கையொப்பமிடலாம். குறை சொல்லும் மனுவாக எழுத வேண்டாம். வீடுகள் எத்தனை, ஆட்கள் எத்தனை, தரைத்தளத்தில் எந்த இடத்தில் வாளிகள் இருக்கும் என்பவற்றைச் சொல்லி, ஈரக் குப்பை எடுக்கும் நேரத்தையும், உலர் குப்பைக்கான கிழமையையும், சுகாதாரக் கழிவையும் நான்காவது வகையையும் எங்கே ஒப்படைப்பது என்பதையும் எழுத்தில் தெரிவிக்கும்படி கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அதன் நகலைப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால், பீப்பாயை எடுத்ததற்கு யாரும் உங்கள்மீது கோபப்பட மாட்டார்கள். ஏர்வாடி, பெரியபட்டினம் போன்ற ஊராட்சிப் பகுதிகளில் குடியிருப்பவர்கள் இதே மனுவை ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கலாம். அங்கே குப்பை வாங்க வருபவர்கள் தூய்மைக் காவலர்கள். நடவடிக்கை இல்லையென்றால் அடுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகலாம்.

இந்த ஏற்பாடு நிலைபெறும் வரையிலான நாள்களில், எடுக்காமல் விட்ட குப்பையைப் பக்கத்துக் காலிமனையில் கொட்டிக் கொளுத்தும் வழக்கம் உங்கள் தெருவில் இருந்தால் அதில் சேர வேண்டாம். திறந்த வெளியில் எரிப்பதை விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. கலந்த குப்பைக்கு அபராதம் வரும்போது யாருடையது என்று தெரியாது. ஆனால் தீ வைத்தவர் யார் என்பது தெருவுக்கே தெரியும்.