லேப்டாப்போடு எடுத்துச் செல்ல எந்த ஒயர்லெஸ் மவுஸ் வாங்கலாம்?

வாரம் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு, பட்ஜெட் 2,000 ரூபாய், இருப்பதிலேயே சின்னதாக வேண்டும், புளூடூத்தா டாங்கிளா (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர்) என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோ பர்ப்பிள் லைனில் போய்வருகிறவள்தான். அக்கவுண்ட்ஸில் வேலை, நாள் முழுக்க எக்செல். ஆறு வருடத்தில் நான்கு மவுஸ் மாற்றியிருக்கிறேன்.

'இருப்பதிலேயே சின்னது' என்பதை முதலில் விட்டுவிடுங்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். தட்டையாக, தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி இருக்கும், பையில் இருப்பதே தெரியாது. இரண்டு மாதத்தில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. உள்ளங்கை சாய்ந்துகொள்ள இடமே இல்லாததால் நாள் முழுக்க விரல் நுனியால் கவ்விக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். போக வர ஒன்றரை மணி நேரம் அது பையில் இருக்கிறது. எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது. அந்த எட்டு மணி நேரத்துக்குத்தான் மவுஸ் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். லாஜிடெக் எம்185 கிட்டத்தட்ட 10 செ.மீ. நீளம், 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த உயரம். அதே கம்பெனியின் பெபிள் கொஞ்சம் நீளம், ஆனால் உயரம் 2.7 செ.மீ.தான். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வித்தியாசம். லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாம் இருக்கிற பைக்கு அது ஒன்றுமே இல்லை. உள்ளங்கைக்கு அதுதான் எல்லாம். பெபிள் மோசம் என்று சொல்லவில்லை. சின்னக் கை உள்ள என் தங்கை அதைத்தான் சந்தோஷமாக வைத்திருக்கிறாள், கிளிக் சத்தமும் வெளியே கேட்காது. உங்கள் கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மவுஸ் மேல் கை வைத்ததும் உள்ளங்கை அதன் முதுகில் படிய வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மேசையில் உரசக் கூடாது.

அடுத்து இணைப்பு. புளூடூத், டாங்கிள் இரண்டுமே இருக்கிற மவுஸாக வாங்குங்கள் என்பதுதான் என் பதில். காரணம் என் மூன்றாவது மவுஸ். டாங்கிள் மட்டும்தான் அதற்கு. ஒருநாள் மீட்டிங் ரூமில் வேறொருவரின் பென் டிரைவுக்காக டாங்கிளைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். நகம் அளவு சாமான், திரும்பிப் போய்ப் பார்த்தபோது இல்லை. கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போய், "அண்ணா, டாங்கிள் மட்டும் தனியா கிடைக்குமா?" என்று கேட்டேன். "இதுக்குத் தனியா வராதும்மா, ஜோடியாத்தான் வரும்" என்றார் கடைக்காரர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மவுஸ் அன்றோடு முடிந்தது. லாஜிடெக்கில் யூனிஃபையிங் வகை டாங்கிள் என்றால் தனியாக வாங்கி மறுபடி சேர்க்கலாம், ஒரே டாங்கிளில் ஆறு சாதனம் வரை ஏறும். 2021-இல் வந்த போல்ட் வகை வேறு, இரண்டும் ஒன்றோடொன்று சேராது. குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் இரண்டுமே இருக்காது. எதுவானாலும், டாங்கிள் செருகி வைக்க மவுஸின் வயிற்றுக்குள் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பிலேயே விட்டுவிட்டுப் பையில் திணித்தால் போர்ட்டுக்கும் நல்லதில்லை.

டாங்கிளில் இன்னொரு சங்கடம் உண்டு. மாதக் கடைசி கணக்கு முடிக்கும்போது மட்டும் என் கர்சர் திக்கித் திக்கி நகரும். மவுஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அன்றைக்கு மட்டும் பேக்கப்புக்காக எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைப் பக்கத்து போர்ட்டில் செருகுவேன். அந்த டிஸ்க் ஓடும் யூஎஸ்பி 3.0 என்ற வேகமான இணைப்பு வேலை செய்யும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் கம்பெனியே 2012-இல் இதைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

அப்படியானால் புளூடூத் மட்டும் போதாதா? பெரும்பாலும் போதும். யூஎஸ்பி-சி மட்டுமே இருக்கிற லேப்டாப் என்றால் அதுதான் வசதி, அடாப்டர் தேட வேண்டாம். சில மாடல்களில் ஆபீஸ் லேப்டாப், வீட்டு லேப்டாப் இரண்டையும் ஒரே மவுஸில் பதிந்து ஒரு பட்டனில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் விழித்துக்கொள்ள ஒரு நொடி எடுக்கும். விண்டோஸ் மறுபடி ஏற்றுவதற்காக பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போனால் பொதுவாக வேலை செய்யாது. சில ஆபீஸ்களில் புளூடூத்தையோ யூஎஸ்பியையோ பூட்டியும் வைத்திருப்பார்கள். வாங்கும் முன் உங்கள் ஐடி ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேட்டரியில் என் ஓட்டு ஏஏ செல்லுக்கு. ஒரு செல் பல மாதம் வரும், தீர்ந்தால் தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். உள்ளேயே சார்ஜ் ஏறும் வகையில் சில வருடத்தில் பேட்டரி சோர்ந்தால், குறைந்த விலை மவுஸில் மாற்றித் தர ஆள் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் மவுஸைத் தொடப் போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வையுங்கள், ஒழுகினால் உள்ளே தகடெல்லாம் அரித்துவிடும். அடியில் ஆன்-ஆஃப் சுவிட்ச் இல்லாத மவுஸ் வேண்டவே வேண்டாம். மெட்ரோ கூட்டத்தில் பை குலுங்கி, மவுஸ் அசைந்து, தூங்கிக்கொண்டிருந்த லேப்டாப் எழுந்துவிட்டது எனக்கு. இந்திராநகர் வருவதற்குள் பை அடுப்பு மாதிரி சுட்டது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மவுஸ் கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதியையும் எடுத்துவிட்டால் நிம்மதி.

டிபிஐ (மவுஸ் அசைவை எவ்வளவு நுணுக்கமாக உணர்கிறது என்ற அளவு) எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், நம் வேலைக்கு 1000 தாராளம். கண்ணாடி மேசையில் எந்தச் சாதாரண ஆப்டிகல் மவுஸும் தடுமாறும். அது அடியில் உள்ள பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படமெடுத்து, படத்துக்குப் படம் என்ன நகர்ந்தது என்று பார்த்துத்தான் ஓடுகிறது. தெளிந்த கண்ணாடியில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. கண்ணாடியிலும் ஓடும் வகைகள் இருக்கின்றன, விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். கீழே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தால் போதும்.

எக்செல் மாதிரி நீளமான ஷீட்டில் வேலை என்றால் சக்கரத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு படியும் விரலுக்குத் தெரிய வேண்டும், நடு கிளிக் அழுத்தும்போது சக்கரம் தானாக உருளக் கூடாது. எனக்கு இரண்டாவது மவுஸ் போனது அதில்தான்.

எஸ்.பி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும், சனிக்கிழமை போங்கள். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். லேப்டாப்பைக் கூடவே கொண்டுபோய், கடையிலேயே இணைத்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள், வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள்.