எக்ஸ்டெண்டெட் வாரண்டி போடலாமா வேணாமா? கேட்டதுக்கெல்லாம் ஒரு சர்வீஸ் மெக்கானிக்கோட பதில்

திருச்சியில 19 வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன். முதல் எட்டு வருஷம் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருந்தேன், அதுக்கப்புறம் சொந்தக் கடை. ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி எல்லாத்துலயும் கை வச்சிருக்கேன். கடையில பில்லு போடுற எடத்துல "ரெண்டு வருஷம் சேத்து வாரண்டி போட்டுரலாமா சார்"னு கேக்குறப்ப என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கிறவங்களுக்காக இது. கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அண்ணா, 43 இன்ச் டிவி 32,000க்கு பாத்து வச்சிருக்கேன். கூட 2 வருஷ வாரண்டிக்கு 3,800 கேக்குறாங்க. இன்னைக்கே போட்டாதான் இந்த ரேட்டுன்னு சொல்றாங்க. போடவா?

இன்னைக்கே போடாதீங்க தம்பி. முதல்ல அந்த பிளானு யாரு தர்றதுன்னு கேளுங்க, டிவி பண்ண கம்பெனியா இல்ல கடையோட சேந்து விக்கிற வேற கம்பெனியா. டிவி கம்பெனியே தர்ற பிளான்னா பெரும்பாலும் முதல் வருஷ வாரண்டி முடியறதுக்குள்ள எப்ப வேணா வாங்கிக்கலாம், கஸ்டமர் கேருக்கு போன் போட்டு மாடல் நம்பர சொன்னீங்கன்னா அவங்களே ரேட்டு சொல்லுவாங்க, பதினோராவது மாசம் வாங்கினாலும் அதே கவர்தான். அந்த பதினோரு மாசம் டிவி எப்படி ஓடுது, உங்க ஏரியாவுல கரண்டு எப்படி ஏறி எறங்குது, சர்வீஸ் ஆளு கூப்பிட்டா வர்றாரா எல்லாம் உங்களுக்கே தெரிஞ்சுரும். கவுண்டர்ல நிக்கிற பையனுக்கு மாசத்துக்கு இத்தனை பிளான் விக்கணும்னு டார்கெட் இருக்கும், அவன் மேல கோவப்பட வேண்டாம், ஆனா அவன் அவசரம் உங்க அவசரம் இல்ல.

டிவியில பயப்பட வேண்டியது பேனல் ஒண்ணுதான். கோடு விழுந்துச்சு, பாதி ஸ்கிரீன் இருட்டா போச்சுன்னா பேனல் மாத்த டிவி விலையில பாதிக்கு மேல கேப்பாங்க. பேக்லைட், பவர் போர்டு எல்லாம் சில ஆயிரத்துல முடிஞ்சுரும். அதனால பிளான்ல பேனல் சேருதான்னு எழுத்துல பாருங்க, சேரலன்னா அந்த 3,800 வீண். இன்னொண்ணு, குழந்தை பொம்மைய எறிஞ்சு ஸ்கிரீன் ஒடஞ்சா சாதா வாரண்டியும் தராது, நீட்டின வாரண்டியும் தராது.

கேள்வி: ஃபிரிட்ஜுலயே 10 வருஷ வாரண்டின்னு பெருசா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே சார், அப்புறம் தனியா எதுக்கு?

அந்த 10 வருஷம் கம்ப்ரசருக்கு மட்டும்மா. மொத்த ஃபிரிட்ஜுக்கு பெரும்பாலும் ஒரு வருஷம்தான்.

உறையூர்ல ஒரு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், ஃபிரிட்ஜ் வாங்கி ஆறாவது வருஷம், கூலிங் சுத்தமா இல்ல. அந்த ஸ்டிக்கர உரிச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல பத்திரமா வச்சிருந்தாங்க. "பத்து வருஷம் இருக்குப்பா, காசு கேக்க மாட்டாங்கள்ல"ன்னு அத என் கையில குடுத்தாங்க. பாத்தா கம்ப்ரசர் நல்லாத்தான் இருந்துச்சு, பின்னாடி பைப்புல லீக்கு. லீக்க அடைச்சு, ஃபில்டர் மாத்தி, கேஸ் அடிச்சா அது எதுவும் அந்த 10 வருஷத்துல வராது. சரி, கம்ப்ரசரே போயிருந்தாலும் என்ன? கம்ப்ரசர் ஃப்ரீயா வரும், கேஸ் அடிக்கிற காசும், லேபரும், வண்டியில தூக்கிட்டுப் போற கூலியும் பெரும்பாலும் நாமதான் குடுக்கணும். அந்தம்மா மொகம் வாடுனது இன்னும் கண்ணுல நிக்குது. அதனால சொல்றேன், கடையில எத்தனை வருஷம்னு மட்டும் கேக்காதீங்க, எந்த பார்ட்டுக்கு எத்தனை வருஷம், கேஸும் லேபரும் சேருமான்னு கேளுங்க.

ஒத்தக் கதவு ஃபிரிட்ஜுக்கு பிளான் வேணாம். பக்கத்துல பக்கத்துல ரெண்டு கதவு வச்ச பெரிய இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜுன்னா யோசிக்கலாம், அதுல போர்டு விலை ஜாஸ்தி.

கேள்வி: திருவான்மியூர்ல இருக்கோம், கடல் நடந்து போற தூரம். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசிக்கு போடலாமா?

மத்ததுக்கெல்லாம் யோசிச்சு சொல்லுவேன், இன்வெர்ட்டர் ஏசிக்கு மட்டும் போடுங்கன்னுதான் சொல்லுவேன், அதுவும் ஏசி கம்பெனியோட பிளானா, போர்டும் கேஸும் சேந்து வர்றதா இருந்தா. அவுட்டோர் யூனிட் போர்டு போச்சுன்னா பல மாடல்ல பத்தாயிரத்த நெருங்கும், சிலதுல தாண்டும். இப்ப சில கம்பெனிக போர்டுக்கே 5 வருஷம் தர்றாங்க, அந்த மாதிரி மாடல் வாங்குனீங்கன்னா தனி பிளானுக்கு பெருசா அவசியம் இல்ல.

உங்களுக்கு கஷ்டம் உப்புக்காத்து. கடலோரத்துல காயில் அரிச்சு கேஸ் லீக் ஆகுறது சீக்கிரமாவே வரும், ஆனா பல பிளான்ல "துரு, அரிப்பு சேராது"ன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தா உங்க ஏரியாவுல எது போகுமோ அதுக்கே கவர் இல்லன்னு அர்த்தம். காப்பர் காயில், அதுக்கு மேல நல்ல கோட்டிங் இருக்குற மாடலா பாத்து அதுல அந்தக் காச போடுங்க.

இன்னொரு வரியும் பாருங்க, பூச்சி, பல்லி, எலி. ஒரு தடவ அவுட்டோர் மூடிய கழட்டுறேன், போர்டுல ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல ஒரு பல்லி காஞ்சு ஒட்டிக்கிடக்கு, சுத்தி கருகியிருக்கு. அந்த வீட்டுக்காரர் பிளான் வச்சிருந்தாரு, கம்பெனி ஆளு வந்து போட்டோ எடுத்துட்டு முடியாதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. வருஷத்துக்கு ரெண்டு சர்வீஸ் பண்றப்ப அந்த மூடிய தொறந்து பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், இண்டக்ஷன் அடுப்பு?

வேணாம். எதுக்குமே வேணாம்.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி மொத்தமா எடுக்குறோம். நாலுக்கும் பிளான் சேத்து 14,000 வருது. விட்டுரவா?

நாலும் ஒரே சமயத்துல ரெண்டாவது மூணாவது வருஷத்துலயே போறது அபூர்வம்ப்பா. பொருள்ல தயாரிப்புக் கோளாறு இருந்தா முதல் சில மாசத்துலயே காட்டிரும், அது கம்பெனி வாரண்டியில வந்துரும். தேய்மானத்துல போறதுன்னா அஞ்சாறு வருஷத்துக்கு மேல, அப்ப இந்த பிளானே முடிஞ்சிருக்கும். நடுவுல உள்ள காலத்துக்குத்தான் நம்ம காசு கட்டுறோம். ஏசிக்கு மட்டும் போட்டுட்டு மிச்சக் காச தங்கச்சி பேர்ல பேங்க்ல ரிப்பேர் செலவுக்குன்னே தனியா போட்டு வைங்க. எந்தப் பொருள் போனாலும் அது உதவும், எதுவும் போகலன்னா அது அவளுக்கே. ஒரு ஸ்டெபிலைசர் கண்டிப்பா வாங்குங்க, ஊர்ப்பக்கம் லோ வோல்டேஜுல போன போர்டுதான் நான் நெறைய மாத்துனது.

கேள்வி: கடையில போட்ட பிளான்தான் அண்ணே. ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் மூணாவது வருஷம் நின்னு போச்சு. முதல்ல உப்புத்தண்ணின்னாங்க, அப்புறம் தேய்மானம் கழிச்சு பாதிதான் தருவோம்னாங்க. கேஸ் போட முடியுமா?

முடியும். முதல்ல மறுத்தத எழுத்துல வாங்குங்க, மெயில்லயாவது. போன்ல சொன்னது நாளைக்கு நிக்காது. பில்லு, பிளான் பேப்பர், மெக்கானிக் குடுத்த ஜாப் ஷீட்டு மூணையும் எடுத்து வைங்க. பிளான் பேப்பர்ல "தேய்மானம் கழிக்கப்படும்"னு முன்னாடியே போட்டிருக்கா, உங்ககிட்ட குடுத்தாங்களா, இல்ல பணம் கட்டுன பிறகு வெறும் எஸ்எம்எஸ் லிங்க்குதான் வந்துச்சாங்கிறது ரொம்ப முக்கியம். 1915க்கு போன் போடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண், பல கேஸ் அங்கயே பேசி முடிஞ்சுரும். முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி பிரச்சனை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போகணும், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸே இல்ல, வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம். விட்டுராதீங்க அண்ணே, இப்படி விட்டுட்டுப் போறவங்கள நம்பித்தான் பாதி பிளான் ஓடுது.

உப்புத்தண்ணி விஷயத்துல மட்டும் அவங்க சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கலாம். போர்த்தண்ணி ஊத்துற வீட்டுல ஹீட்டர் ராடு சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையா இருக்கும். மாசம் ஒரு தடவ டீஸ்கேல் பவுடர் போட்டு வெறுமன ஓட்டுங்க.

கேள்வி: வேளச்சேரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல ஃபிரிட்ஜ் மூழ்கிருச்சு. அடுத்த தடவைக்கு பிளான் போட்டா காப்பாத்துமா?

காப்பாத்தாது. வெள்ளம், இடி, தீ எல்லாம் வாரண்டியில வராது. உங்களுக்கு வேண்டியது வீட்டு இன்சூரன்ஸ், கட்டடத்துக்கு மட்டும் இல்லாம வீட்டுப் பொருளுக்கும் சேத்து எடுக்கணும்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரி 60 மாசம் வாரண்டின்னு வாங்குனேன், 40வது மாசம் போச்சு, புதுசு தர மாட்டேங்குறாங்களே?

கார்டுல 36+24ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. முதல் 36 மாசத்துக்குத்தான் ஃப்ரீயா மாத்தித் தருவாங்க, அடுத்த 24 மாசம் புதுசு வாங்குறப்ப ஒரு தள்ளுபடி, அவ்வளவுதான்.

கேள்வி: நான் துபாய்ல இருக்கேன். புதுக்கோட்டை பக்கம் கிராமத்துல அப்பா அம்மா மட்டும். அவங்களுக்கு ஏசியும் ஃபிரிட்ஜும் வாங்கித் தர்றேன், பிளான் போடட்டுமா?

போடுங்க தம்பி. உங்க விஷயத்துல நான் காசுக் கணக்கு பாக்க மாட்டேன். ரிப்பேர்னு ஒரு போன் அடிச்சா ஒரு ஆளு வரணும், அப்பா யார்கிட்டயும் பேரம் பேசி நிக்கக் கூடாது, அதுக்குத்தான் அந்தக் காசு. ஆனா முன்னாடியே அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர் எங்க இருக்கு, உங்க ஊர் பின்கோடுக்கு ஆளு வர்றாங்களான்னு கேட்டுருங்க. வர்றதில்லன்னா எவ்வளவு நல்ல பிளானா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, புதுக்கோட்டையிலயே ஒரு நல்ல மெக்கானிக் நம்பர வாங்கிக் குடுங்க.

பில்லு அந்த வழவழ பேப்பர்ல இருந்தா ஒரு வருஷத்துல எழுத்து மங்கிரும். பொருள் எறங்குன அன்னைக்கே பக்கத்து வீட்டுப் பையன விட்டு பில்லையும், சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. கஸ்டமர் கேர் நம்பர பெரிய எழுத்துல எழுதி ஃபிரிட்ஜ் பக்கவாட்டுல, அம்மா கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி ஒட்டிருங்க.