கை கழுவுவதை நிறுத்த முடியாத தம்பிக்கு மருந்து உண்டா?

குலசேகரத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: ரப்பர் பாலில் ஆசிட் கலந்து ஷீட் அடித்த பிறகு தம்பி தோல் வெடிக்கும்வரை கை கழுவுகிறான், இது மனபலவீனமா, பூசை செய்தால் மாறுமா?

பலவீனம் இல்லை, ஓசிடி மாதிரி தெரிகிறது; வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய் அது. கண்களுக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி 'ஏதோ தப்பு' என்று எச்சரிக்கும். மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம், தலாமஸ் என்ற பகுதிகள் அதை வடிகட்ட வேண்டும். ஓசிடியில் இந்தச் சுற்று ஓயாமல் ஓடுகிறது. கை சுத்தம் என்று பெரும்பாலும் அவனுக்கே தெரியும், மனசுதான் ஒத்துக்கொள்ளாது.

நான் முதலில் சொல்வது இஆர்பி சிகிச்சை, அதாவது பயப்படுவதை எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பழகும் பயிற்சி. காய்ந்த ஷீட்டைத் தொட்டுவிட்டு, கழுவாமல் உட்காரப் பழக்குவார்கள். பதற்றம் ஏறும், அப்புறம் மெல்ல இறங்கும். செர்ட்ராலின், ஃப்ளூவாக்சமின் போன்ற மருந்துகளும் உதவும். மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

"கை சுத்தமாத்தானே இருக்கு அக்கா?" என்று அவன் கேட்கக் கேட்க நீங்கள் ஆமாம் போடுவதும் நோய்க்குத் தீனிதான். மருத்துவர் சொல்படி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வரத் தயங்கினால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-இல் கட்டணமின்றிப் பேசலாம்.