அப்டேட்டுக்குப் பிறகு கெர்னல் பேனிக்: ரீஇன்ஸ்டால் தேவையில்லை

கேள்வி: உபுண்டு லினக்ஸில் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்ததும் கருப்புத் திரையில் 'கெர்னல் பேனிக்', 'அன்னோன் பிளாக் 0,0' என்று வந்து அப்படியே நின்றுவிடுகிறது. ஃபைல்கள் போய்விட்டனவா? மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இந்தப் பிழை உங்கள் ஃபைல்களைத் தொடுவதில்லை. புதிய கெர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) கிளம்பிவிட்டது. சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதியான ரூட் பார்ட்டிஷனைத்தான் அதனால் எட்ட முடியவில்லை. அதற்கு வேண்டிய டிரைவர்களைச் சுமந்துவரும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் உருவாகாமல் போனதே பெரும்பாலும் காரணம். கெர்னல் ஃபைல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தால் இப்படித்தான் ஆகும். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து நிறுவியிருந்தால் இந்தப் பூட் பார்ட்டிஷன் தனியாக, சிறியதாக இருக்கும். இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றே 100 எம்பியைத் தாண்டுவதுண்டு.

நல்லவேளையாக, புதிய கெர்னல் வரும்போது முந்தையதை உபுண்டு உடனே அழிப்பதில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்து, தயாரிப்பாளரின் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் கீயை ஒரே ஒருமுறை தட்டுங்கள் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள்). எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வரும். பலமுறை தட்டினால் மெனுவுக்குப் பதில் கட்டளைக்குக் காத்திருக்கும் கிரப் பிராம்ப்ட் வந்துவிடும். வந்தால் ரீபூட் என்று டைப் செய்து மறுபடி முயலுங்கள். மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், மேலே உள்ள புதிய எண்ணை விட்டு அடுத்த பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ரெக்கவரி மோட் இப்போது வேண்டாம்.

உள்ளே வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக விட்டுவிடாதீர்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய கதைதான். டெர்மினலில் (கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும்) 'டிஎஃப் -ஹெச் /பூட்' கொடுங்கள். 100 சதவீதம் என்று காட்டினால் நோய் அதுவே. 'யூநேம் -ஆர்' இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைச் சொல்லும். அதை எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது. பிறகு, தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்க 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. இடமில்லை என்று இதுவும் பாதியில் நின்றால், 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' என்பதோடு மிகப் பழைய கெர்னல் ஒன்றின் பேக்கேஜ் பெயரைக் கொடுத்து நீக்குங்கள். பூட் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களைக் கையால் அழிக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம்: பேக்கேஜ் கணக்கில் அந்தக் கெர்னல் இருப்பதாகவே பதிவு நிற்கும், அடுத்த அப்டேட்டில் சிக்கல் இரட்டிப்பாகும்.

இடம் கிடைத்ததும் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. பாதியில் நின்ற நிறுவல் இதில் முடியும். பூட் ஃபோல்டரில் புதிய எண்ணுடன் 'இனிட்ஆர்டி' ஃபைல் வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். வராவிட்டால் 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' கொடுத்து, கடைசியில் புதிய எண்ணை முழுதாக அடியுங்கள். பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்', அதன் பின்பே ரீஸ்டார்ட்.

பேனிக் செய்தியே இல்லாமல் திரை வெறும் கருப்பாக நின்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகியுங்கள். கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒருமுறை கிளம்புவதற்கு மட்டுமே செல்லும். உள்ளே போய் டிரைவரை மறுபடி நிறுவ வேண்டும்.